சக்கையும் சர்க்கரையும்: உங்களுக்குத் தெரியுமா?

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் ஒரு தடைப் பட்டியல் தயாராகிவிடும். இனிப்பு கூடாது, கிழங்கு கூடாது, மாம்பழம் கூடவே கூடாது. எதைச் சாப்பிடலாம் என்று மட்டும் யாரும் எழுதித் தருவதில்லை. எழுதித் தந்தால் அதன் முதல் வரி நார்ச்சத்தாகத்தான் இருக்க வேண்டும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இந்த வாரத் துணுக்குகள் அவர்களுக்காக.

செரிக்காததே அதன் சிறப்பு

நார்ச்சத்தும் ஒருவகை மாவுச்சத்துதான். ஆனால் அதை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. அதனால் அது ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வதில்லை. இதில் இரண்டு வகை உண்டு. வெண்டைக்காயை நறுக்கினால் கையில் வழவழவென்று ஒட்டுகிறதே, அது நீரில் கரையும் நார். வயிற்றுக்குள் போனதும் கூழாகி, சோற்றிலிருந்து வரும் சர்க்கரையைத் தன்னுள் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தவிடு, தோல், கீரைத் தண்டு ஆகியவற்றில் மிகுதியாக இருப்பது கரையாத நார். மலத்தைப் பெருக்கி எளிதாகத் தள்ளிவிடும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எகிறாமல் பார்த்துக்கொள்வதில் முதல் வகைக்கே பங்கு அதிகம். ஆனால் பயறு, காய், பழம் எல்லாவற்றிலும் இரண்டும் கலந்தே இருப்பதால், நாம் பிரித்துப் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை.

பெயர் வைத்தது 1953இல்

'உணவு நார்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை முதலில் பயன்படுத்தியவர் ஹிப்ஸ்லி என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். அதற்கு முன்பு அது வெறும் சக்கை. ஹியூ ட்ரோவெல் என்ற ஆங்கில மருத்துவர் கென்யாவிலும் உகாண்டாவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவர். நாருள்ள முழு உணவையே உண்ட அந்த மக்களிடம் அன்று சர்க்கரை நோய் அரிதாக இருந்ததை அவர் கவனித்தார். உணவில் நார் குறைவதற்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அவர் எழுதியது 1975இல்.

கொத்தவரங்காய்க்கு ஓர் உலகப் பெருமை

பந்தியில் ஒதுக்கப்படும் காய்களில் கொத்தவரைக்குத்தான் முதலிடம். சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் அதற்குக் கிடைத்த இடமே வேறு. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின்தான் 'குவார் கம்'. 1976இல் பிரிட்டனில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் இந்தப் பிசினையும் பழங்களில் உள்ள பெக்டினையும் உணவில் கலந்து சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே அளவு மாவுச்சத்தைச் சாப்பிட்டும், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாகவே ஏறியது. பிசின் எவ்வளவு கெட்டியாகக் கூழாகிறதோ அவ்வளவு பலன் என்பதும் அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது.

அதே ஜென்கின்ஸ்தான் பின்னர் கனடாவின் டொரண்டோவில் இருந்தபடி, 1981இல் 62 உணவுகளைச் சோதித்து 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' என்ற அளவுகோலை உலகுக்குத் தந்தார். ஓர் உணவு எத்தனை வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கு இன்று மருத்துவர்கள் சொல்லும் எண் அதுதான். அந்தப் பட்டியலில் மிகக் குறைந்த எண்களைப் பெற்றவற்றில் பயறு வகைகள் முக்கியமானவை. மீண்டும் கொத்தவரைக்கு வருவோம். அதன் விளைச்சலில் இந்தியா, குறிப்பாக ராஜஸ்தான், முன்னணியில் நிற்கிறது. பிசினாக அல்லாமல் காயாகச் சாப்பிட்டால் அதே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பிசின் இருப்பது முற்றிய விதையில். ஆனாலும் பருப்பு உசிலியாகச் செய்தால் காயின் நாரும் பருப்பின் நாரும் சேர்ந்தே கிடைக்கின்றன. இனி கொத்தவரையை இலை ஓரத்தில் ஒதுக்காதீர்கள்.

13 பேர், 6 வாரம், 50 கிராம்

நார்ச்சத்து பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 13 பேர். ஆறு வாரம் தினமும் 24 கிராம் நார் உள்ள உணவு. இன்னோர் ஆறு வாரம் 50 கிராம் நார் உள்ள உணவு. இரண்டிலும் கலோரி, மாவுச்சத்து, கொழுப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. 50 கிராம் உண்ட காலத்தில் நாள் முழுதும் ரத்தத்தில் இருந்த சர்க்கரை 10 சதவீதம் குறைந்தது. இன்சுலின் அளவு 12 சதவீதம் குறைந்தது. மொத்தக் கொலஸ்டிரால்கூட ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கியது.

பொடியோ மாத்திரையோ எதுவும் அதில் சேர்க்கவில்லை என்பதுதான் முக்கியம். அவர்கள் சாப்பிட்டவற்றில் வெண்டைக்காய், பப்பாளி, ஆரஞ்சு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஓட்ஸ் எல்லாம் இருந்தன. நம் தெருக்கோடிச் சந்தையில் கிடைப்பவைதான்.

அரிசியை எத்தனை முறை தீட்டினால் என்ன ஆகும்?

பாபட்லா என்ற ரகத்துப் புழுங்கல் அரிசியை வைத்துச் சென்னையில் ஒரு சோதனை நடந்தது, 2017இல் வெளியானது. உமி மட்டும் நீக்கிய, தவிடு போகாத அரிசியின் கிளைசெமிக் இண்டெக்ஸ் 57.6. முழுக்கத் தீட்டி வெள்ளையாக்கிய அரிசிக்கு 79.6. இது எதிர்பார்த்ததுதான். திகைக்க வைப்பது இரண்டுக்கும் நடுவில் இருந்த அரிசி. எடையில் வெறும் 2.3 சதவீதம் தவிட்டை மட்டும் உரசி எடுத்த அந்த அரிசியின் எண் 73. லேசாகத் தீட்டியதற்கே முக்கால்வாசி நன்மை போய்விட்டது.

'அரைத் தீட்டல்', 'சிங்கிள் பாலிஷ்' என்று எழுதிய பையை நம்பி வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். தவிடு சிதையாமல் இருக்கும்போதுதான் அரிசிக்குள் நீர் மெதுவாக இறங்கும். மாவுச்சத்தும் மெதுவாகக் கரையும். அந்தத் தோலில் கீறல் விழுந்தாலே கதவு திறந்துவிடுகிறது. அதிக எடையுள்ள இந்தியர்களிடம் சென்னையில் நடத்தி 2014இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தபோது 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் 19.8 சதவீதம் குறைந்தது. அதனுடன் பயறும் சேர்த்தபோது 22.9 சதவீதம்.

100 கிராமில் எவ்வளவு?

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து சில எண்கள், தசமத்தை முழுமையாக்கி. எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடைக்கு: தீட்டிய பச்சரிசி 3 கிராமுக்கும் சற்றுக் குறைவு, மைதாவும் அப்படியே. தீட்டாத அரிசி நாலரை. கோதுமை மாவும் கேழ்வரகும் 11. முழுப் பச்சைப் பயறு 17. தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு 9 மட்டுமே. முருங்கைக்காய் 7, முருங்கைக் கீரை 8, கொய்யாப்பழம் எட்டரை. கறுப்புக் கொண்டைக்கடலை 25. பயறும் பாசிப்பருப்பும் ஒரே செடியில் விளைந்தவை. தோல் போனதும் நாரில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

சுண்டலுக்கு நவராத்திரி வரை காத்திருக்க வேண்டாம்

மேலே உள்ள கணக்கைப் பார்த்தாலே தெரியும். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் சுமார் 12 கிராம் நார். மாலை நான்கு மணிக்கு டீயோடு இரண்டு பிஸ்கட் சாப்பிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலை வைத்துப் பாருங்கள். பசியும் அடங்கும், இரவுச் சாப்பாட்டில் சோறும் தானாகக் குறையும். தேங்காய்த் துருவலை ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மாங்காய்த் துண்டு தாராளமாகப் போடலாம்.

சிறுதானியம் என்றாலே போதுமா?

போதாது. சாமையிலும் வரகிலும் 100 கிராமுக்கு நார் 6 முதல் 8 கிராம் வரைதான். அதுவும் தவிடு நீங்காமல் இருந்தால். கடைகளில் பளபளவென்று வெளுத்துக் கிடக்கும் சாமையைப் பார்க்கிறோம். அதுவும் தீட்டப்பட்டதுதான். கேழ்வரகில் நார் இருக்கிறது, உண்மை. ஆனால் மையாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். சலிக்காத மாவில் முருங்கைக் கீரை போட்டு அடையாகத் தட்டினால் கதை வேறு. எந்தத் தானியம் என்று கேட்கும் முன் எப்படி அரைத்தது, எவ்வளவு சாப்பிடுவது என்று கேளுங்கள். 'சிறுதானியம்தானே' என்று இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டு, சுகர் குறையவில்லையே என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்

1977இல் பிரிட்டனில் 10 பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரையின் அளவு மூன்றிலும் ஒன்றே. முழுப் பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே சாறு உள்ளே போய்விட்டது. சாறு குடித்தபோது இன்சுலின் அதிகம் ஏறியது. பின்னர் ரத்தச் சர்க்கரை முன்பிருந்த அளவுக்கும் கீழே சரிந்தது. சரிந்தால் என்ன ஆகும்? மீண்டும் பசிக்கும். முழுப் பழம் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வும் கூடுதலாக இருந்தது.

2013இல் 1,87,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளைக் கொண்டு வந்த ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது. ஆப்பிள், திராட்சை, புளூபெரி போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவு; பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதல். 'சர்க்கரை போடாத ஜூஸ்தான்' என்று யாராவது நீட்டினால், வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிட்டு ஒரு கொய்யாவைக் கடியுங்கள்.

சோற்றுக்கு முன் பொரியல்

நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் 11 நோயாளிகளுக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டி முதலில். இன்னொரு நாள் காய்கறியும் கோழியும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டி. இரண்டாவது வரிசையில் ஒரு மணி நேரச் சர்க்கரை 36.7 சதவீதம் குறைவாக இருந்தது. உணவில் ஒரு பொருள்கூட மாறவில்லை.

நம் வாழையிலையில் பொரியலும் கூட்டும்தான் முதலில் விழுகின்றன. ஆனால் நாம் சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். காத்திருக்க வேண்டாம். பொரியலில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

பழைய சோறு

வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிக்க மறுக்கும் மாவாக மாறுகிறது; அதுவும் நார் போலவே நடந்துகொள்ளும். இந்தோனேசியாவில் 2015இல் அளந்தபோது, சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்தது, ஒரு நாள் குளிரூட்டிச் சூடாக்கியபின் 1.65 கிராமாக உயர்ந்தது. இரண்டரை மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். கிராமில் பார்த்தால் ஒன்றுதான் கூடியிருக்கிறது. பழைய சோறு நல்லது. ஆனால் அளவைக் கூட்டிக்கொள்ள அது அனுமதிச் சீட்டு ஆகாது. சின்ன வெங்காயத்தோடு ஒரு கீரையும் இருக்கட்டும்.

குடலுக்குள் ஒரு மருந்துக்கடை

நாம் செரிக்காத நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உண்கின்றன. உண்டு, அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்ற சிறு அமிலங்களை வெளியிடுகின்றன. இவை குடல் செல்களைத் தூண்டி ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. சர்க்கரை நோய்க்குப் போடும் செமாகுளூடைட் ஊசி போலச் செய்து காட்டுவது இந்த ஹார்மோனின் வேலையைத்தான். ஊசியின் வலு நாருக்கு வராது. ஆனால் சுரப்பது நம் உடம்பு.

ஷாங்காயில் சாவோ லீபிங் குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனையில், நார் மிகுந்த உணவுக்கு மாறியவர்களில் 89 சதவீதம் பேர் 12 வாரங்களில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 7க்குக் கீழே கொண்டுவந்தார்கள். வழக்கமான உணவு ஆலோசனை பெற்றவர்களில் அது 50 சதவீதம். இரண்டு தரப்புக்கும் ஒரே மாத்திரை. நார் உண்டவர்களின் குடலில், அந்தச் சிறு அமிலங்களைச் சுரக்கும் 15 வகை நுண்ணுயிரிகள் பெருகியிருந்தன.

வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறீர்களா?

வெந்தயத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி நார்தான். கொத்தவரைப் பிசின் வகையைச் சேர்ந்த அதே வழவழப்பு இதிலும் உண்டு. அதில் பெரும்பகுதி விதையிலேயே தங்கிவிடும். எனவே ஊறிய விதையையும் மென்று சாப்பிடுங்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: ஹைதராபாத்தில் ஆர்.டி. சர்மா குழுவினர் 1990இல் வெளியிட்ட சோதனையில் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி. நாம் போடுவது ஒரு தேக்கரண்டி. அதிலிருந்து கிடைப்பது இரண்டு கிராம் நார். மாத்திரையை நிறுத்த அது போதாது.

இசப்கோல்

மலச்சிக்கலுக்கு என்று வாங்கும் இந்த உமி, உணவுக்கு முன் எடுத்தால் சர்க்கரையையும் குறைக்கிறது. சர்க்கரை அதிகமாக உள்ளவர்களுக்குப் பலனும் அதிகம். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால், குறிப்பாகத் தைராய்டு மாத்திரை, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இடைவெளி எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால்தான் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று அச்சிட முடியும். 3 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து உள்ளது'. முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். பின்பக்கத்தில் முதலில் எழுதியிருக்கும் பொருள் எது என்று பாருங்கள். அங்கே மைதா என்று இருந்தால் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டானாலும் பிரவுன் பிரெட்டானாலும் திரும்ப வைத்துவிடுங்கள். பழுப்பு நிறம் கேரமலாலும் வரும்.

இன்சுலினுக்கு முன்பே

இன்சுலின் 1921இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஃபோன் நூர்டன் சர்க்கரை நோயாளிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி வைத்தியம் செய்தார். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையோ இந்த நோய்க்கு வாற்கோதுமையை முதன்மை உணவாகச் சொன்னது. ஓட்ஸ், வாற்கோதுமை இரண்டிலும் இருப்பது பீட்டா குளுக்கான் என்ற ஒரே கரையும் நார்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நேற்று வரை 15 கிராம் உண்டவர் இன்று 40 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பி, வாயுத் தொல்லையில் தவித்து, மூன்றாம் நாளே விட்டுவிடுவார். வாரத்துக்கு ஒரு பொருளாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சோறு குறைந்து நார் கூடும்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயால் இரைப்பையின் அசைவு குறைந்தவர்களுக்கு நார் மிகுந்த உணவு வயிற்றிலேயே தங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையிலும் பயறிலும் உள்ள பொட்டாசியம் சிக்கல். இந்த இரண்டு பிரிவினரும் யூடியூப் பார்த்து எதையும் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஆயிரத்துக்குப் பதினான்கு உயிர்

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2020இல் 42 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நார் கூடியபோது ஹெச்பிஏ1சி குறைந்தது சராசரியாக 0.2 அளவுதான். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கொலஸ்டிரால், உடல் எடை ஆகியவையும் உடன் குறைந்தன. 8,300 சர்க்கரை நோயாளிகளைச் சராசரியாக 8.8 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளில், தினம் 19 கிராம் நார் உண்டவர்களோடு ஒப்பிட்டால் 35 கிராம் உண்டவர்களில் ஆயிரத்துக்கு 14 மரணங்கள் குறைவாக இருந்தன.

நம் நாட்டுப் பரிந்துரை, 2,000 கலோரி உண்பவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 30 கிராம். தீட்டிய அரிசி கால் கிலோவும் சாம்பார்ப் பருப்பு 30 கிராமும் சேர்ந்தால் கிடைப்பது 10 கிராம். அதோடு ஒரு கைப்பிடி பச்சைப் பயறுச் சுண்டல், ஒரு கொய்யா, ஒரு பெரிய கரண்டி கீரைப் பொரியல் சேருங்கள், 30ஐத் தொட்டுவிடலாம். அப்போது தட்டில் சோற்றுக்கான இடமும் தானாகச் சுருங்கும். இன்று இரவே ஒரு கைப்பிடி பச்சைப் பயறை ஊறப்போடுங்கள்.